நம்ம டீமுக்கு நாமே மார்க் போட்டபோது: பாதுகாப்புத் துறைக்கு சப்ளை செய்பவர்களின் அனுபவங்கள்

காரைக்குடி குவாலிட்டி:

காரைக்குடியில் ஒரு சின்ன ஃபேப்ரிகேஷன் யூனிட்டில் தரம் பார்க்கிற வேலை எனக்கு. எலக்ட்ரானிக் கருவிகளை உள்ளே வைக்கிற ஷீட் மெட்டல் பெட்டிகள் செய்கிறோம், திருச்சிக் கம்பெனி ஒன்றின் வழியாக அது பாதுகாப்புத் துறைக்குப் போகும். நான் சேர்ந்த புதிதில் அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு படிவம் வந்தது. மெச்சூரிட்டி மாடல் என்று தலைப்பு, வேலைமுறை எவ்வளவு பக்குவப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது. ஒவ்வொரு வேலைக்கும் 1 முதல் 5 வரை நாமே மதிப்பெண் போட வேண்டும். ஆள் இருந்தால் நடக்கும், இல்லாவிட்டால் நின்றுவிடும் என்றால் 1. ஆர்டருக்கு ஆர்டர் திட்டம் போட்டுச் செய்தால் 2. எல்லா ஆர்டருக்கும் எழுதி வைத்த ஒரே முறை என்றால் 3. அளந்து நடத்தினால் 4, அளந்ததை வைத்து முறையையே திருத்திக்கொண்டு போனால் 5.

முதலாளி தானே நிரப்பி அனுப்பிவிடலாம் என்றுதான் இருந்தார். சூப்பர்வைசர் அண்ணன்தான், "வேண்டாம் முதலாளி, ஆளுக்கொரு தாள் குடுங்க, ஒருத்தரை ஒருத்தர் கேக்காம நிரப்பட்டும், அப்புறம் ஒண்ணா வச்சுப் பாப்போம்" என்றார். ஆவணக் கட்டுப்பாடு என்ற வரியில் முதலாளி 4, பர்ச்சேஸ் அக்கா 3, பிளேட்டிங் அண்ணன் 1! கொஞ்ச நேரம் சத்தம். சூப்பர்வைசர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "உப்புத்தண்ணி டெஸ்டுக்கு எந்த ஸ்பெக்கைப் பாக்குறீங்க, அதை எடுத்துட்டு வாங்க." பிளேட்டிங் அண்ணன் தொட்டிக்குப் பக்கத்து ஷெல்ஃபிலிருந்து ஒரு ஜெராக்ஸைக் கொண்டுவந்தார். ஓரமெல்லாம் ஆசிட் பட்டுப் பழுத்துப்போன தாள், ஜேஎஸ்எஸ் 55555 என்ற முப்படைகளின் பொதுச் சோதனை ஸ்பெக், 2000ஆம் ஆண்டுப் பதிப்பு. ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்தது 2012இல் திருத்தியது, ஆர்டரில் கேட்டிருந்ததும் அதைத்தான். முதலாளி கம்ப்யூட்டரைப் பார்த்து 4 போட்டிருக்கிறார், அந்த அண்ணன் ஷெல்ஃபைப் பார்த்து 1 போட்டிருக்கிறார். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை.

சராசரி எடுத்து 2.7 என்று அனுப்பியிருந்தால் இது வெளியே வந்தே இருக்காது. அன்றைக்கே பழைய நகல்களில் ரத்து முத்திரை குத்தினார்கள். இப்போது எந்தத் திருத்தம் எங்கே இருக்கிறது என்பதற்குத் தனி நோட்டு இருக்கிறது, கையெழுத்துப் போட்டால்தான் தாள் கிடைக்கும்.

கோட்டையூரான் (ஓய்வு):

தம்பி எழுதியது நூற்றுக்கு நூறு உண்மை. நான் ஆய்வுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன், அதனால் கொஞ்சம் பழைய கதையும் சொல்கிறேன். தரத்துக்கு 5 கட்டம் வைத்து அட்டவணை போட்டவர் அமெரிக்கத் தர நிபுணர் பிலிப் கிராஸ்பி, 1979இல். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பணத்தில் 1984இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் இன்ஸ்டிட்யூட் தொடங்கினார்கள். சாஃப்ட்வேர் வேலையை நம்பி யாரிடம் கொடுப்பது என்பது அவர்களுடைய விமானப்படைக்குப் பெரிய தலைவலி. ஐபிஎம்மிலிருந்து வந்த வாட்ஸ் ஹம்ஃப்ரி அதற்காக 1987இல் ஒரு கேள்வித்தாளைக் கொண்டுவந்தார், அதுதான் 1991இல் சிஎம்எம் என்ற மெச்சூரிட்டி மாடல் ஆகி, 2000 வாக்கில் சிஎம்எம்ஐ ஆனது.

ஆரம்பத்திலிருந்தே அந்தக் கேள்விகளுக்கு இரண்டு உபயோகம். வாங்குகிறவர் கான்ட்ராக்டரை எடைபோடலாம், கான்ட்ராக்டர் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளவும் செய்யலாம். இரண்டும் வேறு வேறு வேலை, கலக்கவே கூடாது. நான் இருந்த ஓர் அலுவலகத்தில் எங்கள் பிரிவே இப்படிச் சுயமதிப்பீடு செய்தது. முதல் தடவை மனம் விட்டுப் பேசினார்கள், பாதிப் பேர் 2தான் போட்டார்கள். அடுத்த தடவை, இந்த மார்க் மேலிடத்துக்குப் போகும், மற்ற பிரிவுகளோடு ஒப்பிடுவார்கள் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. அவ்வளவுதான், எல்லாத் தாளிலும் 4. வேலை முறையில் ஒரு மாற்றமும் கிடையாது. எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

தேவகோட்டை மகள்:

ஐயா, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. நான் தேவகோட்டை, வேலை கோயம்புத்தூரில் ஒரு பர்ச்சேஸ் டீமில். எங்கள் தொல்லை பொருளின் பெயர். ஒரே எம்6 வாஷர், ஒருவர் "வாஷர் பிளெயின்" என்று பதிந்திருப்பார், இன்னொருவர் "ஃபிளாட் வாஷர் 6 மிமீ" என்று பதிந்திருப்பார். ஸ்டோரில் ஒரு பெயரில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும்போதே இன்னொரு பெயரில் அவசர ஆர்டர் போகும். பாதுகாப்புத் துறையில் இதற்காகத்தான் 13 இலக்கக் குறியீடு வைத்திருக்கிறார்கள்: முதல் 4 பொருளின் வகை, அடுத்த 2 நாடு, இந்தியாவுக்கு 72, மீதி 7 அந்தப் பொருளுக்கே உரியது. தரப்படுத்தல் இயக்ககம் 1962இலிருந்து இதே பாடுதான் படுகிறது, வகைகளைக் குறை, ஒரே பொருளுக்கு ஒரே அடையாளம் கொடு என்று.

எங்கள் டீமில் சுயமதிப்பீடு செய்தபோது எல்லாரும் 3 போட்டோம், ஏனென்றால் எழுதி வைத்த முறை நிஜமாகவே இருக்கிறது, பைண்டிங் செய்து அலமாரியில் நிற்கிறது. எங்கள் மேடம் அதோடு விடவில்லை. ஒரு வாஷரை மேஜையில் வைத்து, மூன்று பேரைத் தனித்தனியாகக் கூப்பிட்டு, இதன் குறியீடு என்ன, தேடிச் சொல்லுங்கள் என்றார். மூன்று பேரும் மூன்று குறியீடு சொன்னார்கள். புத்தகம் இருக்கிறது என்பதற்காக 3 கொடுக்க முடியாது என்று அந்த நிமிஷமே எல்லாருக்கும் விளங்கிவிட்டது. 1 என்று மாற்றி எழுதினோம். புதுக் குறியீடு உருவாக்கும் அனுமதியை ஒரே ஆளிடம் கொடுத்ததும் அதற்குப் பிறகுதான்.

புதுவயல் மெஷின் ஷாப்:

எல்லாம் சரிங்க, ஆனால் ஆறு பேர் வேலை செய்கிற இடத்தில் இதற்கெல்லாம் நேரம் ஏது? சிறு தொழில்களுக்கு மத்திய அரசு தருகிற ஜெட் தரச் சான்றிதழ் ஏற்கெனவே இருக்கிறது, வெண்கலத்துக்கு 5 அளவுகோல், வெள்ளிக்கு 14, தங்கத்துக்கு 20. பாதுகாப்புத் துறைக்கென்றே டிஆர்டிஓவும் இந்தியத் தரக் குழுமமும் சேர்ந்து சமர் என்ற சான்றிதழைக் கொண்டுவந்திருக்கிறார்கள், அதிலும் வெண்கலத்திலிருந்து பிளாட்டினம் வரை 5 படி. அதில் ஒன்றை வாங்கி மாட்டினால் போதாதா?

காரைக்குடி குவாலிட்டி:

வாங்குங்க அண்ணே, வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, மைக்ரோ யூனிட்டுக்கு ஜெட் கட்டணத்தில் 80 சதவீத மானியமும் உண்டு. ஆனால் அது வெளியாள் வந்து பார்ப்பது. கொண்டுவிற்க, அதாவது வியாபாரத்துக்கு, வெளியே போன இடத்திலிருந்து வருகிற கணக்கைக் கையிருப்போடு ஒட்டிப் பார்த்து ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்) போட்ட ஊர் நம்ம ஊர், யாரும் வந்து கேட்பார்களென்று அதைச் செய்யவில்லை. சுயமதிப்பீடும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஆறு பேர் என்றால் இன்னும் சுலபம். நீங்களே ஐந்து தலைப்பு எடுத்துக்கொள்ளுங்க: ஆர்டரைப் படிப்பது, ஸ்பெக் திருத்தம், மூலப்பொருள் சான்று, அளவுக் கருவிகளின் காலிபரேஷன் (சரிபார்ப்பு), திரும்பி வந்த சரக்கு. மார்க்குக்குப் பக்கத்தில் "எதைக் காட்டுவீங்க" என்று ஒரு கட்டம் கண்டிப்பாக இருக்கட்டும், அது காலியாக இருந்தால் மார்க் செல்லாது. முதலாளி தாளைத் தவிர மற்றதில் பெயர் வேண்டாம். திருச்சிக்காரர்களுக்கு அனுப்பும் படிவம் வேறு, இது வேறு, இரண்டையும் ஒரே ஃபைலில் வைக்காதீங்க. அப்புறம், முதலாளி தாளைக் கடைசியாகப் பிரிங்க, முதலில் பிரித்தால் மற்ற ஐந்து பேரும் அவர் மார்க்கைத்தான் சொல்வார்கள்.