மன்னார் வளைகுடாவில் மீன் லார்வா ஆய்வு: வேலூரிலிருந்து போகிறவன் என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

கவுண்டன்ய நதி எழுதியது:

வணக்கம். வேலூரில் எம்.எஸ்சி. விலங்கியல் படிக்கிறேன், சொந்த ஊர் குடியாத்தம். கடைசி செமஸ்டர் ப்ராஜெக்டுக்கு மோர்தானா அணையில் ஜிலேபி மீனை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். எனக்கு மண்டபம் பக்கம் போய், கடல் தேசியப் பூங்காத் தீவுகளைச் சுற்றி மீன் லார்வா, அதாவது முட்டை பொரித்து வந்த இளங்குஞ்சு, கணக்கெடுக்க ஆசை. வழிகாட்டி ஒத்துக்கொண்டார். ஆனால் துறையில் இதைச் செய்தவர் யாரும் இல்லை.

என்ன வலை வாங்குவது? பகலில் இழுப்பதா, இரவிலா? ஃபார்மலினா, எத்தனாலா? இனம் எப்படிக் கண்டுபிடிப்பது? முக்கியமாக, பூங்கா இருப்பதால்தான் வெளியே மீனவர்களுக்கு மீன் கிடைக்கிறது என்று என்னால் காட்ட முடியுமா? அதற்காகத்தான் இந்தத் தலைப்பையே எடுத்தேன்.

வாலாஜா டீச்சர் எழுதியது:

தம்பி, உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். வலையும் நேரமும் மாதிரியைக் கெடாமல் வைக்கும் மருந்தும் அதைப் பொறுத்துத்தான் முடிவாகும். ஆராய்ச்சிப் பட்டத்துக்காக மண்டபத்தில் தங்கி இதே வேலையைச் செய்தவள் நான். இப்போது இங்கே கல்லூரியில் பாடம் நடத்துகிறேன்.

பூங்காவுக்குள் லார்வா நிறைய கிடைத்தால், அவை அங்கேயே பிறந்தவை என்று ஆகிவிடாது. களவாயும் கிளிமீனும் முட்டையைத் தண்ணீரில் விட்டுவிடும். முட்டை மிதந்து போகும், பொரித்த குஞ்சும் நீரோட்டத்தோடு போகும். களவாய் லார்வா ஒரு மாதத்துக்கு மேல் திறந்த கடலில் திரிந்த பிறகுதான் பாருக்கு, அதாவது கடலடிப் பாறைத் திட்டுக்கு, வந்து சேரும். கோமாளி மீன் வேறு மாதிரி. பாறையில் முட்டையை ஒட்டிக் காவல் காக்கும், குஞ்சு கடலில் இருப்பது 8 முதல் 12 நாள்தான். இவை இரண்டும் ஒரே வலையில் வந்து விழுந்தாலும், எங்கே பிறந்தன என்பதற்கு ஒரே பதில் கிடையாது.

பூங்கா வெளியே மீன் கொடுக்கிறது என்பதை நிரூபித்திருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவின் கெப்பல் தீவுகளில் பெரிய மீன்களின் மரபணுவையும் குஞ்சுகளின் மரபணுவையும் ஒப்பிட்டு, எந்தக் குஞ்சு எந்தத் தாய் தகப்பனுடையது என்று பார்த்தார்கள். 2012இல் முடிவு வெளியானது. மொத்தப் பாறைப் பரப்பில் 28 சதவீதமே இருந்த காப்புப் பகுதிகள், 30 கிலோமீட்டர் சுற்றுவட்டத்தில் வந்து சேர்ந்த குஞ்சுகளில் ஏறக்குறைய பாதியைக் கொடுத்திருந்தன. அதற்குத் தாய் மீன்களையும் குஞ்சுகளையும் நூற்றுக்கணக்கில் பிடித்து மாதிரி எடுக்க வேண்டும். ஒரு செமஸ்டரில் ஒரு மாணவரால் ஆகாது.

உங்களால் ஆகக்கூடியது ஒன்று இருக்கிறது, அதுவும் சின்ன விஷயம் இல்லை. எத்தனை லார்வா என்று எண்ணுவதோடு நிறுத்தாமல், ஒவ்வொன்றும் எந்த வளர்நிலையில் இருக்கிறது என்று எழுதுங்கள். மஞ்சள்கருப் பை இன்னும் ஒட்டியிருக்கிறதா? முதுகுநாணின் வால் நுனி நேராக இருக்கிறதா, மேல்நோக்கி வளையத் தொடங்கிவிட்டதா, வளைந்து முடிந்து வால் துடுப்பு உருவாகிவிட்டதா? மஞ்சள்கருப் பையோடு ஒரு குடும்பத்தின் லார்வா அதிகமாக வந்தால், முட்டையிட்ட இடம் பக்கத்தில்தான். வால் நுனி வளைந்து முடிந்தவை அதிகமாக வந்தால், அவை வளரவோ குடியேறவோ அங்கே வந்திருக்கின்றன. இது முட்டையிடும் இடமா, வந்து சேரும் இடமா என்று மன்னார் வளைகுடாவைப் பற்றிக் குடும்ப வாரியாகச் சொல்ல முடிந்தால், அது வேலைக்கு ஆகிற பதில். இனப் பட்டியலை நீளமாகப் போட்டு அட்டை கட்டுவதைவிட எவ்வளவோ மேல்.

அடுத்து ஒன்று. பூங்காவுக்குள் மட்டும் இழுத்தால் எதோடு ஒப்பிடுவீர்கள்? 560 சதுர கிலோமீட்டர், 21 தீவுகள், 1986இல் அறிவித்தது. அவ்வளவையும் சுற்ற வேண்டாம். மண்டபம் குழுவில் ஒரு தீவை எடுங்கள், முயல் தீவோ மனோலியோ. அதே இரவில், அதே வலையோடு, பூங்கா எல்லைக்கு வெளியே அதே ஆழமுள்ள இடத்திலும் இழுங்கள்.

இனி வலை. கரைக்கும் தீவுக்கும் நடுவே ஆழம் சில மீட்டர்தான். ஆழ்கடலுக்கான இரட்டை வளைய போங்கோ வலை அங்கே தேவையில்லை. வாய் விட்டம் 50 சென்டிமீட்டர், கண்ணி 300 மைக்ரான், நீளம் இரண்டு மீட்டருக்குக் குறையாமல் ஒரு கூம்பு வலை போதும். 500 மைக்ரானில் அடைப்பு குறைவு, ஆனால் உங்களுக்கு வேண்டிய சின்ன நிலைகள் தப்பித்துவிடும். எந்தக் காசை மிச்சம் பிடித்தாலும் ஃப்ளோமீட்டரில் பிடிக்காதீர்கள். அதை வாயின் நட்ட நடுவில் கட்டாமல், நடுவுக்கும் விளிம்புக்கும் இடையில் கட்டுங்கள். எவ்வளவு தண்ணீர் வலைக்குள் போனது என்று தெரியாவிட்டால் நீங்கள் எண்ணிய எண் எதற்கும் உதவாது. கணக்கு எளிது: வாயின் பரப்பு 0.196 சதுர மீட்டர், 500 மீட்டர் தூரம் இழுத்தால் சுமார் 98 கன மீட்டர். முடிவை 100 கன மீட்டருக்கு இத்தனை என்று எழுதுவார்கள்.

அந்த மீட்டரை அளவு பார்க்கக் கடலுக்குப் போக வேண்டாம், நீரோட்டம் குழப்பிவிடும். நம்ம காவேரிப்பாக்கம் ஏரியில், காற்றில்லாத காலையில், அனுமதி கேட்டு ஒரு படகு எடுங்கள். கரையோரம் 100 மீட்டர் அளந்து இரண்டு கொம்பு நட்டு, வலையைக் கழற்றிவிட்டு வளையத்தை மட்டும் மீட்டரோடு இழுங்கள். போகும்போதும் வரும்போதும் சுற்றுகளைக் குறித்துச் சராசரி எடுங்கள். வேலூர்க்காரருக்கு இந்த ஒரு வசதி இருக்கிறது, பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

நேரம்: இரவு. பகலில் கொஞ்சம் வளர்ந்த லார்வா வலையைப் பார்த்து விலகிவிடும், பல இனங்கள் அடியிலும் தங்கிவிடும். ஆனால் பூங்காவுக்குள் இரவில் படகு போவதை அனுமதி விண்ணப்பத்தில் தனியாகக் கேட்க வேண்டும். தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் விண்ணப்பம், ராமநாதபுரம் வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் தொடர்பு. நாள் பிடிக்கும். இன்னொன்றையும் எழுதுங்கள்: கடற்புல் பக்கம் இழுத்தால் குட்டிக் கடற்குதிரை வலையில் வரும். அது வன உயிரினப் பாதுகாப்புச் சட்ட அட்டவணையில் உள்ள உயிரினம். படகிலேயே வாளியில் பிரித்து உயிரோடு விடுவோம் என்று வழிமுறையில் சொல்லிவிடுங்கள், சொன்னபடி செய்யுங்கள்.

மருந்து: மாதிரியை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதி, கடல்நீரில் கலந்து வெண்காரம் போட்டு அமிலத்தைப் போக்கிய 4 சதவீத ஃபார்மலினில். வெண்காரம் போடாவிட்டால் காதுக்கல் கரைந்துவிடும். வயதைச் சொல்லும் நாள் வளையங்கள் அதில்தான் இருக்கின்றன. மறு பாதி 95 சதவீத எத்தனாலில், மறுநாள் எத்தனாலை மாற்ற வேண்டும். ஃபார்மலினில் போட்டதை மரபணு வேலைக்கு நம்ப முடியாது. மஞ்சள், சிவப்பு நிறங்கள் எதில் போட்டாலும் போய்விடும், கறுப்புப் புள்ளிகள் மட்டும் நிற்கும். அதனால் உயிரோடு இருக்கும்போதே படம் எடுங்கள்.

இனம் காண்பது பற்றி: குடும்ப அளவில் நில்லுங்கள். சாளை, நெத்திலி வகை நூல் மாதிரி நீண்டிருக்கும், குடல் நேராக வால் பக்கம் வரை போகும். பாரைக்குத் தசைப்பட்டைகள் 24, செவுள்மூடியில் முட்கள். களவாயை ஒருமுறை பார்த்தால் மறக்காது: முதுகில் ஒரு முள்ளும் வயிற்றில் இரண்டும் உடம்புக்குச் சம்பந்தமில்லாத நீளத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். உழுவைக்கு உள்ளே காற்றுப்பை பளிச்சென்று தெரியும். தெரியாததைத் தெரியாதது என்றே ஒரு வரிசையில் எண்ணி எழுதுங்கள். அதற்காக யாரும் மதிப்பெண் குறைக்கக் கூடாது. குறைத்தால் வழிகாட்டியிடம் சண்டை போடுங்கள்.

வேதாளைக்காரன் எழுதியது:

தம்பி, நான் மண்டபத்துக்குப் பக்கத்து ஊர், ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலைக்கு வந்தவன். அப்பாவும் அண்ணன்களும் இன்னும் கடலுக்குப் போகிறார்கள். டீச்சர் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன், காற்று.

ஆனி ஆடியில் சோழகக் காற்று அடிக்கும்போது தென்கடல் பக்கம், அதாவது மன்னார் வளைகுடாவில், வலை இழுக்கும் எண்ணமே வேண்டாம். அப்போது எங்கள் ஆட்கள் வடகடலுக்குப் போவார்கள், அதாவது பாக் விரிகுடாப் பக்கம். ஐப்பசி கார்த்திகையில் வாடை, அப்போது வடகடல் கொந்தளிக்கும். மாசி, பங்குனியில் தென்கடல் நல்ல அமைதி. நீவாடும், அதாவது கடல் நீரோட்டமும், காற்றோடு சேர்ந்து திசை மாறும். ஒவ்வொரு இழுப்பிலும் நீவாடு எந்தப் பக்கம் என்று படகுக்காரரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நாட்டுப்படகு பிடியுங்கள், பெரிய விசைப்படகு தீவுக்குப் பக்கத்தில் பார் மேல் போக முடியாது. கயிற்றை நேர் பின்னால் விடாதீர்கள், எஞ்சின் காற்றாடி கலக்கிய தண்ணீரில் வலை போகும். பக்கவாட்டில் கட்டி, படகை லேசாக வளைத்து ஓட்டச் சொல்லுங்கள்.

தீவுப் பக்கம் பாசி எடுக்கும் பெண்கள் இருப்பார்கள். பூங்கா வந்த பிறகு அதிகக் கஷ்டப்பட்டவர்கள் அவர்கள். வலையும் டார்ச்சுமாகப் போகிறவர்களைப் பார்த்தால் இன்னொரு தடை வரப்போகிறதோ என்றுதான் நினைப்பார்கள். முதல் நாளே உட்கார்ந்து பேசி, என்ன எடுக்கிறீர்கள், எதற்கு என்று சொல்லிவிடுங்கள். எந்த மாதம் எந்தக் குஞ்சு கரையோரம் வருகிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.

காட்பாடி ஆய்வகம் எழுதியது:

இவ்வளவு சிரமம் எதற்கு? இடத்துக்கு இரண்டு லிட்டர் கடல்நீர் எடுத்து வடிகட்டி, நீரில் கலந்திருக்கும் மரபணுவைப் படித்தால் இனப் பட்டியல் வந்துவிடுமே. லார்வாவைக் கொல்லவும் வேண்டாம்.

வாலாஜா டீச்சர் எழுதியது:

கொல்ல வேண்டாம் என்பது நல்ல வாதம், அதை மதிக்கிறேன். அதனால்தான் இழுப்புகளின் எண்ணிக்கையைத் தேவைக்கு மேல் வைக்கக் கூடாது. ஆனால் அந்தத் தண்ணீர் இந்த மீனின் மரபணு இங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லும். பெரிய மீனிடமிருந்து வந்ததா, முட்டையிலிருந்தா, லார்வாவிலிருந்தா என்று சொல்லாது. தம்பியின் கேள்வியே வளர்நிலையைப் பற்றியது. பணமும் ஆய்வகமும் இருந்தால் இரண்டையும் செய்யலாம்: எத்தனாலில் வைத்த லார்வாக்களில் சிலவற்றின் சி.ஓ.ஐ. என்ற, இனத்தை அடையாளம் காட்டும் மரபணுத் துண்டைப் படித்து, குடும்பத்திலிருந்து இனம் வரை போகலாம்.

கவுண்டன்ய நதி எழுதியது:

மேடம், அண்ணா, ரொம்ப நன்றி. இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. தலைப்பை மாற்றிவிடலாம் என்று வழிகாட்டியிடம் பேசிவிட்டேன், சம்மதம் சொன்னார். இரண்டு சந்தேகம். ஒளிப்பொறி வைத்தால் வலையே வேண்டாமா? ஒரு இழுப்பில் ஒன்றுமே வராவிட்டால் அதைக் கணக்கில் விட்டுவிடலாமா?

வாலாஜா டீச்சர் எழுதியது:

விடவே கூடாது. ஒன்றும் வராத இழுப்பும் தரவுதான். மீட்டர் அளவு, மணி, நிலவின் நாள், நீவாடு எல்லாம் எழுதி, லார்வா சுழியம் என்று போடுங்கள். அதை விட்டுவிட்டால் சராசரி பொய்யாக ஏறிவிடும். பூங்காவில் மீன் கொழிக்கிறது என்று உங்கள் அறிக்கையை வைத்து யாராவது பேசுவார்கள். நல்ல நோக்கத்துக்காகக்கூட அப்படி ஒரு எண்ணைக் கொடுக்கக் கூடாது.

ஒளிப்பொறி வையுங்கள், ஆனால் வலைக்குப் பதிலாக இல்லை. 20 லிட்டர் தண்ணீர் கேனில் பக்கவாட்டில் புனல் பொருத்தி, உள்ளே எல்.இ.டி. விளக்கு கட்டினால் பொறி தயார். அமாவாசையை ஒட்டிய இரவுகளில் நன்றாக வேலை செய்யும். வெளிச்சத்தை நோக்கி வரும் வகைகள் மட்டும்தான் சிக்கும், அதிலும் பாரில் குடியேறும் பருவத்தில் உள்ளவை அதிகம். வலையில் பெரும்பாலும் கிடைக்காத பருவம் அதுதான். கன மீட்டர் கணக்கு இதற்குப் பொருந்தாது, ஒரு மணி நேரத்துக்கு இத்தனை என்று தனி அட்டவணையில் போடுங்கள். இரண்டையும் ஒரே வரைபடத்தில் சேர்க்க வேண்டாம்.

அப்புறம், மாதிரிகளைப் பிரித்து எண்ணும் வேலையை அங்கேயே முடித்துவிடுங்கள். ஃபார்மலின் கேனைத் தூக்கிக்கொண்டு வேலூர் வரை பஸ்ஸில் வரக் கூடாது. ஒவ்வொரு குப்பிக்குள்ளும் பென்சிலால் எழுதிய சீட்டு போடுங்கள். வெளியே ஒட்டும் லேபிளில் பேனா மை எத்தனால் பட்டால் அழிந்துவிடும். மாசியில் கடலில் இருக்க வேண்டுமென்றால் அனுமதி விண்ணப்பம் இப்போதே போக வேண்டும். வரைவை இங்கே போடுங்கள், பார்த்துத் திருத்தித் தருகிறேன்.