கயாக் நகர்ந்தால் ஃபிஷ் ஃபைண்டர் தரையை விட்டுவிடுகிறது

முகத்துவாரம்22:

வணக்கம். 12 அடி சிட்-ஆன்-டாப் கயாக் (மேலே உட்கார்ந்து ஓட்டும் துடுப்புப் படகு), பாலிஎத்திலீன் ஹல் (படகின் அடிக்கூடு). 5 அங்குல ஃபிஷ் ஃபைண்டர் (ஒலி அனுப்பி ஆழமும் மீனும் காட்டும் கருவி), 83/200 கிலோஹெர்ட்ஸ் டிரான்ஸ்டியூசர் (அந்த ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் பாகம்). ஓட்டை போட விருப்பமில்லாததால் டிரான்ஸ்டியூசரை ஹல்லுக்கு உள்ளே சிலிக்கான் வைத்து ஒட்டியிருக்கு. இடம்: சீட்டுக்குப் பின்னால், ஸ்கப்பர் ஓட்டையிலிருந்து (டெக்கில் ஏறும் தண்ணீர் வடியும் துளை) அரைச் சாண் பின்னால். முன்பு 7 ஏஹெச் (ஆம்பியர்-மணி) லெட்-ஆசிட் யூபிஎஸ் பேட்டரி. இப்போது 30 பவுண்டு தள்ளுவிசை உள்ள டிரோலிங் மோட்டார் (படகை ஓட்டும் சிறு மின்மோட்டார்) சேர்ந்ததால் 12 வோல்ட் 50 ஏஹெச் எல்எஃப்பி (லித்தியம் வகை) பேட்டரி ஒன்றிலேயே இரண்டும் ஓடுது. ஃபைண்டருக்கான வயர் மோட்டார் பிளக்கிலிருந்து பிரித்து எடுத்தது.

சிக்கல்கள்:

சும்மா மிதக்கும்போது 10 மீட்டர் ஆழத்திலும் தரை சுத்தமாகத் தெரியுது. 5 கிலோமீட்டர் வேகம் தாண்டினால் ஆழ எண் மினுமினுத்து அப்படியே நிற்குது, தரைக்கோடு காணாமல் போகுது. மோட்டாரை அணைத்துத் துடுப்பு போட்டாலும் இதே கதை.

மோட்டார் ஓடும்போது ஸ்க்ரீன் முழுக்க மழைக்கோடு மாதிரி புள்ளிகள். ஆனால் முழு வேகத்தில் வைத்தால் கோடுகள் போயிடுது!

மோட்டாரை ஆன் செய்யும் நொடியில் சில சமயம் ஃபைண்டர் அணைந்து மறுபடி துவங்குது.

கழிமுகத்தில் துடுப்பை ஊன்றிப் பார்த்தால் 1.2 மீட்டர்தான் இருக்கு, ஃபைண்டர் 2.4 காட்டுது.

டிரான்ஸ்டியூசர் போயிடுச்சா? புதுசு வாங்கணுமா?

—

ஈயக்குண்டு:

டிரான்ஸ்டியூசர் போகவில்லை. போயிருந்தால் 10 மீட்டரில் தரை தெரியாது. சந்தேகம் இருந்தால் கரையில் வைத்து யூனிட்டை ஆன் செய்து, டிரான்ஸ்டியூசர் ஒட்டிய இடத்தில் காதை வையுங்கள். மெல்லிய டிக்-டிக் சத்தம் கேட்கும். 200 கிலோஹெர்ட்ஸ் நம் காதுக்கு எட்டாது, ஆனால் ஒவ்வொரு துடிப்பும் கிளம்பும் அதிர்வு கேட்கும். கரையில் ஆழ எண் வராமல் கோடு கோடாகக் காட்டுவது இயல்பு, அதைக் கோளாறு என்று எடுக்க வேண்டாம்.

நீங்கள் எழுதியிருப்பவை தனித்தனிக் கோளாறுகள். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால் எது எதைச் சரி செய்தது என்றே தெரியாமல் போகும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

முதல் சிக்கலில் மின்சாரத்துக்குப் பங்கில்லை. மோட்டாரை அணைத்துத் துடுப்பு போட்டாலும் வருகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அது காற்று. நீரில் போகும் ஒலி, காற்றுக்குமிழி எதிர்ப்பட்டால் கிட்டத்தட்ட முழுவதும் திரும்பிவிடும். விரல் கனத்துக்குக் குமிழிப் படலம் இருந்தாலே போதும், தரை தெரியாது. உங்கள் டிரான்ஸ்டியூசர் ஸ்கப்பர் ஓட்டைக்கு அரைச் சாண் பின்னால் இருக்கிறது. கயாக் நகரும்போது அந்த ஓட்டைக்குள் நீர் ஏறி இறங்கி, மேலேயிருந்து காற்றையும் சேர்த்துக் கீழே இழுக்கும். அந்தக் குமிழி வரிசை நேராக டிரான்ஸ்டியூசருக்கு அடியில்தான் ஓடுகிறது.

செலவில்லாத சோதனை: அந்த ஒரு ஸ்கப்பர் ஓட்டையை மட்டும் ரப்பர் அடைப்பானால் அடியிலிருந்து அடைத்துவிட்டு, அமைதியான நீரில் 6–7 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். தரைக்கோடு மறையாமல் நிலைத்தால் காரணம் அதுதான். ஆனால் அடைப்பானோடு அலைக்குள் போக வேண்டாம், டெக்கில் ஏறும் தண்ணீர் வடியாது.

மினுமினுக்கும் ஆழ எண்ணைப் பற்றி ஒன்று. அது கடைசியாகக் கிடைத்த எண். இப்போதைய ஆழம் இல்லை. பாறை உள்ள இடத்தில் அதை நம்பிப் போகக் கூடாது.

—

பன்னிரண்டு_வோல்ட்:

கரண்ட் பக்கத்தை நான் சொல்றேன் தம்பி.

ஃபைண்டர் அணைந்து அணைந்து வர்றதுக்குக் காரணம் நீ வயர் எடுத்த இடம். மோட்டார் பிளக்கிலிருந்து பிரிச்சா, மோட்டார் இழுக்கிற கரண்ட் போற அதே வயர், அதே லக் (வயர் முனையில் மாட்டுற உலோகத் துண்டு) வழியாத்தான் ஃபைண்டருக்கும் வோல்ட் வரணும். 30 பவுண்டு மோட்டார் முழு லோடில் சுமார் 30 ஆம்பியர் இழுக்கும், ஸ்டார்ட் ஆகிற நொடியில் அதைவிட ரெண்டு மூணு மடங்கு. எங்கேயோ ஒரு லக் தளர்ந்து 0.05 ஓம் ரெசிஸ்டன்ஸ் இருக்குன்னு வை. 30 ஆம்பியரில் 1.5 வோல்ட் விழும். ஸ்டார்ட்டில் 3 முதல் 4.5 வோல்ட். 13.2 இருந்த இடத்தில் 9 வோல்ட் பக்கம் வந்துடும். 10 வோல்ட்டுக்குக் கீழே போனா இந்த யூனிட்டுகள் பெரும்பாலும் அணைஞ்சிடும்.

மல்டிமீட்டரைச் சும்மா வெச்சுப் பார்த்தா இந்த இறக்கம் தெரியாது, ஒரு நொடிகூட நீடிக்காது. மின்-மேக்ஸ் பதிவு வசதி உள்ள மீட்டர் வேணும். இல்லேன்னா இன்னொரு வழி: மோட்டார் ஓடும்போது பேட்டரி பாசிட்டிவ் முனையில் ஒரு புரோப், ஃபைண்டர் பாசிட்டிவ் முனையில் ஒரு புரோப். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினா நடுவில் எங்கோ மோசமான இணைப்பு. நெகட்டிவ் பக்கமும் இதே மாதிரி பாரு, அதை மறந்துடுவாங்க.

வயர் கனத்தைப் பத்தி எல்லாரும் பயப்படுவாங்க, அது தேவையில்லாத பயம். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், போக வர 4 மீட்டர்னா மொத்தம் 0.07 ஓம். ஃபைண்டர் இழுக்கிறது 0.6 ஆம்பியர். விழுறது 0.04 வோல்ட். ஒண்ணுமே இல்லை. தப்பு வயரில் இருக்காது, உப்புத்தண்ணி பட்டுப் பச்சை பூத்த முனையில் இருக்கும்.

மழைக்கோடு விஷயத்தில் நீயே விடையைச் சொல்லிட்டே. உன் மோட்டாரின் வேகக் கட்டுப்பாடு கரண்ட்டை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டிக் கொடுக்குது. அந்த வெட்டுதான் ஸ்க்ரீனில் புள்ளி. முழு வேகத்தில் வெட்டு கிடையாது, நேரடி கரண்ட், அதனால கோடும் கிடையாது. புரொபெல்லர் குமிழியா இருந்தா முழு வேகத்தில் அதிகமாகணும், குறையாது.

செய்ய வேண்டியது: பழைய 7 ஏஹெச் பேட்டரியை மறுபடி ஃபைண்டருக்கு மட்டும் கொடு. பாசிட்டிவ், நெகட்டிவ் ரெண்டுமே மோட்டார் பக்கம் தொடக் கூடாது. பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் 3 ஆம்பியர் ஃபியூஸ். 7 ஏஹெச்சில் 60 சதவீதம் பயன்படுத்தினாலும் 0.6 ஆம்பியருக்கு 7 மணி நேரம் ஓடும். அதுக்கு மேல் உறிஞ்சினா லெட்-ஆசிட் சீக்கிரம் செத்துடும். ஓய்வில் 12.7 வோல்ட் காட்டினா நிறைஞ்சிருக்கு, 12.1 காட்டினா கரைக்குத் திரும்புற நேரம்.

ஒரே பேட்டரிதான் வேணும்னா, வயரை நேரா பேட்டரி முனையிலிருந்து எடு, அங்கேயும் ஃபியூஸ் போடு. எல்எஃப்பி ஷார்ட் ஆனா நூத்துக்கணக்கான ஆம்பியர் தள்ளும், ஃபியூஸ் இல்லாத 1 சதுர மில்லி வயர் பிளாஸ்டிக் ஹல்லுக்குள்ளே எரியும். ஃபைண்டரின் பவர் வயரை யூனிட் பக்கம் ஃபெரைட் வளையத்தில் (மின் இரைச்சலைக் குறைக்கிற வளையம்) நாலு சுற்று சுற்று. டிரான்ஸ்டியூசர் கேபிளும் மோட்டார் கேபிளும் பக்கத்துப் பக்கத்தில் ஓடக் கூடாது, குறுக்கே போகணும்னா செங்குத்தா வெட்டிப் போகட்டும். மிச்சக் கேபிளை மோட்டார் பேட்டரி மேல சுருட்டி வைக்காதே. நீளமா இருக்குன்னு டிரான்ஸ்டியூசர் கேபிளை வெட்டவும் வேணாம். உள்ளே இருக்கிற ஷீல்டு உறையை வீட்டில் சரியா இணைக்கிறது கஷ்டம்.

—

துடுப்புக்கட்டை:

இவ்வளவு பாடு எதற்கு? உள்ளே ஒட்டுவதே தவறு. பக்கவாட்டில் ஒரு கை மாதிரி குழாய் வைத்து, டிரான்ஸ்டியூசரை நீரில் 5 சென்டிமீட்டர் இறக்கிவிட்டால் ஸ்கப்பர் குமிழியும் இல்லை, பிளாஸ்டிக் ஊடாகப் போகும் இழப்பும் இல்லை. பிறகு டவுன் இமேஜிங் (அடியைப் படம் போலக் காட்டும் வசதி) உள்ள யூனிட் வாங்கினாலும் அது ஹல்லுக்குள் இருந்து சரியாக வேலை செய்யாது. 455, 800 கிலோஹெர்ட்ஸ் ஒலி பிளாஸ்டிக்கிலேயே பாதி தேய்ந்துவிடும்.

—

ஈயக்குண்டு:

இமேஜிங்குக்கு நீங்கள் சொல்வது சரி. 83/200-க்கு உள்ளே ஒட்டுவது போதும். கை வைத்த டிரான்ஸ்டியூசர் வலைக்கயிற்றில் மாட்டும், கரையில் இழுக்கும்போது உடையும், வேகத்தில் தானே நீரைக் கிழித்துக் குமிழி உண்டாக்கும். கடலில் நிறுத்தியே தூண்டில் போடுபவருக்குக் கை நல்லது; ஓட்டிக்கொண்டே போடுபவருக்கு உள்ளே நல்லது.

இடம் மாற்ற வேண்டியிருந்தால் ஒட்டும் முன் சோதனை செய்யுங்கள். ஜிப் பையில் தண்ணீர் ஊற்றி, டிரான்ஸ்டியூசரை அதற்குள் முகம் கீழாக வைத்து, காற்றை வெளியேற்றி மூடுங்கள். ஹல்லின் உள்பக்கத்தில் ஒரு கை தண்ணீர் தெளித்து அதன்மேல் பையை வையுங்கள். கயாக் நீரில் இருக்கும்போது பையை நகர்த்தி நகர்த்திப் பாருங்கள்; எங்கே குறைந்த சென்சிடிவிட்டியில் (எதிரொலியைப் பிடிக்கும் உணர்திறன் அமைப்பு) தரை கெட்டியாக வருகிறதோ அதுதான் இடம். கீல் (ஹல் அடியின் நடுமுதுகு) மடிப்பு, ஸ்கப்பர் குழாய், ஹல் இரட்டைத் தடிப்பாக உள்ள இடம் மூன்றையும் தவிர்க்கவும்.

பழைய சிலிக்கானை நைலான் தூண்டில் நூலால் அறுத்து எடுக்கலாம். பிறகு 80 நம்பர் உப்புத்தாள், ஐசோபுரொபைல் ஆல்கஹால் துடைப்பு. வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் வேண்டாம், நியூட்ரல் வகை வாங்குங்கள். நடுவில் ஒரே குவியலாக வைத்து, டிரான்ஸ்டியூசரைத் திருகியபடி அழுத்தினால் காற்று ஓரமாக வெளியேறும். வட்ட வட்டமாகப் பிழிந்தால் நடுவில் காற்று சிக்கிக்கொள்ளும். சிலிக்கான் ஒட்டும் பலரும் சறுக்கும் இடம் இதுதான். மேலே ஒரு கிலோ எடை, 24 மணி நேரம். எபாக்சி புட்டி பாலிஎத்திலீனில் பிடிக்காது, முதல் வெயிலிலேயே பெயர்ந்துவிடும்.

ஒட்டவே பிடிக்கவில்லை என்றால் யோகா மேட்டில் 10 மில்லிமீட்டர் தடிப்பு வளையம் வெட்டி ஹல்லில் ஒட்டி, குழியில் பெட்ரோலியம் ஜெல்லி நிரப்பி டிரான்ஸ்டியூசரைப் பதித்து விடலாம். கழற்றி மாட்ட வசதி.

—

முகத்துவாரம்22:

இருவருக்கும் நன்றி. செய்து பார்த்த விவரம்:

7 ஏஹெச் பேட்டரியைத் தனியாகக் கொடுத்ததும் அணைந்து வருவது நின்றுவிட்டது. மழைக்கோடு பெரும்பாலும் போய்விட்டது. மிகக் குறைந்த வேகத்தில் மட்டும் லேசாக வருது. மோட்டார் பிளக்கில் நெகட்டிவ் லக் கறுத்துப் போயிருந்தது, அண்ணன் சொன்ன சோதனையில் 0.9 வோல்ட் காட்டியது.

ஸ்கப்பரை அடைத்ததும் 7 கிலோமீட்டர் வேகம் வரை தரைக்கோடு மறையாமல் நிற்குது.

மிச்சம் 1.2 மீட்டர் பிரச்சினை. இன்னொன்று: நீர் வெப்பநிலை 38 டிகிரி காட்டுது, அது உண்மையா?

—

பன்னிரண்டு_வோல்ட்:

0.9 ரொம்ப அதிகம். அந்த லக்கைத் தேய்ச்சுச் சரி பண்ணாதே, வெட்டிட்டு டின் பூசின செம்பு லக்கைக் கிரிம்ப் பண்ணி, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் போடு. அந்தக் கறுத்த படிவு வயருக்குள்ளேயும் ஏறியிருக்கும், செம்பு பளபளன்னு தெரியிற வரை வெட்டு. மிச்சம் இருக்கிற லேசான கோட்டுக்கு ஃபெரைட் போதும். அப்படியும் போகலேன்னா மெனுவில் இன்டர்ஃபியரன்ஸ் ரிஜெக்ஷனை (இரைச்சல் வடிகட்டி) குறைந்த நிலையில் வை. அதிகமா வெச்சா சின்ன மீனையும் சேர்த்தே துடைச்சிடும்.

—

ஈயக்குண்டு:

38 டிகிரி உங்கள் ஹல்லுக்குள் இருக்கும் காற்றின் சூடு. வெப்ப சென்சார் டிரான்ஸ்டியூசருக்குள்தான் இருக்கிறது, அதை நீரில் இருந்து பிளாஸ்டிக் பிரிக்கிறது. அந்த எண்ணை ஸ்க்ரீனில் இருந்தே எடுத்துவிடுங்கள்.

1.2 மீட்டர் 2.4 ஆவது இரண்டாம் எதிரொலி. ஒலி தரையில் பட்டு மேலே வந்து, நீர்மட்டத்தில் திரும்பி, மறுபடி தரைக்குப் போய் வருகிறது. 1.2 மீட்டர் போய் வர ஒலிக்கு சுமார் 1.6 மில்லிநொடிதான். அந்த நேரத்தில் டிரான்ஸ்டியூசரும் அது ஒட்டிய பிளாஸ்டிக்கும் இன்னும் அதிர்ந்து முடியவில்லை. முதல் எதிரொலி அந்த அதிர்வில் புதைந்துவிடுகிறது, யூனிட் இரண்டாவதைத் தரை என்று எடுத்துக்கொள்கிறது. சரியாக இரு மடங்கு வருவதே இதற்கு அடையாளம்.

ஆட்டோ ரேஞ்சை விட்டு 0–5 மீட்டர் என்று கையால் வையுங்கள். 200 கிலோஹெர்ட்ஸ் மட்டும். சென்சிடிவிட்டியை, கீழே தெரியும் இரண்டாவது கோடு மங்கும் வரை குறையுங்கள். பிங் வேகத்தையும் (நொடிக்கு எத்தனை ஒலித்துடிப்பு என்பது) குறையுங்கள். அதிவேகத்தில் முந்திய துடிப்பின் எதிரொலி அடுத்ததில் கலந்துவிடும்.

ஒரு மீட்டருக்குக் கீழே இந்த அமைப்புகள் பெரும்பாலும் கைகொடுக்காது. 4 மீட்டர் நூலில் அரை மீட்டருக்கு ஒரு முடிச்சு, முனையில் 100 கிராம் ஈயம் கட்டி வைத்துக்கொண்டால் போதும். கடல்காரர்கள் பாகக் கணக்கில் (பாகம் என்பது ஆழத்தின் பழைய அளவு) ஆழம் பார்த்த அதே முறை. சேற்றில் மட்டும் இரண்டும் ஒத்துவராது: ஈயம் சேற்றுக்குள் இறங்கிவிடும், சோனார் சேற்றின் மேற்பரப்பைக் காட்டும். அந்த வித்தியாசம் ஒரு சாணுக்கு மேல் இருந்தால் அங்கே காலை இறக்கிக் கயாக்கைத் தள்ள வேண்டாம்.