வெருகல் பக்கம் உலர் உணவும் தண்ணீரும் தேவை, லொறி உள்ளவர்கள் உதவுங்கள்

உறவுகளே, வடகீழ்ப் பருவமழை ஐப்பசியில்தான் பிடிக்கும். அதுவரை திருகோணமலை மாவட்டத்தின் வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கம் வயல் கூலியும் இல்லை, கிணறுகளும் வற்றிக்கொண்டு வருகின்றன. தனியாக இருக்கும் முதியவர்கள், கணவரை இழந்த பெண்கள், மாற்றுத்திறனாளிகள் உள்ள வீடுகளுக்கு எங்கள் சபை உலர் உணவுப் பொதி சேர்க்கிறது. எந்தச் சமயத்தவர் என்று பார்ப்பதில்லை. கிராம அலுவலரோடு இருந்துதான் பட்டியல் போடுகிறோம்.

அரிசி, பருப்பு, டின் மீன், பால்மா எதுவானாலும் தாருங்கள். ஆனால் தண்ணீர் இல்லாத வீட்டுக்கு அரிசியை மட்டும் கொடுத்து என்ன செய்வது? குடிதண்ணீரும் கட்டாயம் வேண்டும். பல் இல்லாத முதியவர்களுக்குச் சமபோஷா (குழைத்துச் சாப்பிடும் தானிய மா) நல்லது, அடுப்பு மூட்டத் தேவையில்லை.

அப்புறம், திருகோணமலை டவுனில் இருந்து பொதிகளை ஏற்றிப்போக லொறி யாரிடமாவது உண்டா? டீசல் செலவை நாங்கள் பார்க்கிறோம். தண்ணீர் பவுசர் (தாங்கி வண்டி) ஒழுங்குசெய்யக் கூடியவர்களும் உள்பெட்டியில் எழுதுங்கள்.