பாஸ்வேர்ட் மறந்தால் அதையே மெயிலில் அனுப்பும் மாமா கடை வெப்சைட்: எதை முதலில் சரிசெய்வது?

தண்டையார்பேட்டை தம்பி

எல்லோருக்கும் வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் என் மாமாவுக்குச் சின்னதாக ஒரு ரெடிமேட் கடை. கொரோனா சமயத்தில் ஷட்டர் மூடிக் கிடந்தபோது யாரையோ பிடித்து ஆன்லைனில் விற்க ஒரு வெப்சைட் போட்டுக்கொண்டார். பிஎச்பியில் எழுதியது, டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல், அவ்வளவுதான். கட்டிக் கொடுத்தவர் இப்போது போனை எடுப்பதில்லை.

போன வாரம் தீபாவளி ஸ்டாக் படங்களை ஏற்றித் தரச் சொன்னார். அட்மின் பாஸ்வேர்ட் என்ன மாமா என்றால் மறந்துவிட்டது என்கிறார். சரி என்று 'பாஸ்வேர்ட் மறந்துவிட்டதா' லிங்க்கை அழுத்தினேன், மெயிலில் பாஸ்வேர்டே வந்து நிற்கிறது. கடைப் பெயரும் 123-உம். வயிறு கலங்கி டேட்டாபேஸைத் திறந்தால் ஆயிரத்து நானூறு வாடிக்கையாளர்களின் பெயர், போன், முகவரி, மெயில், பாஸ்வேர்ட் எல்லாம் மளிகைக் கடை நோட்டு மாதிரி அப்படியே படிக்கிற வாக்கில் இருக்கிறது.

மாமாவிடம் சொன்னேன். "நம்ம கடைக்குள்ள பூந்து எதைடா திருடப் போறான், நைட்டி டிசைனையா?" என்று சிரிக்கிறார்.

நான் கிண்டியில் ஒரு கம்பெனியில் ஜாவா எழுதுகிறவன். தினமும் மெட்ரோவில் போகும்போது எக்ஸ்இசட் (லினக்ஸில் ஃபைலைச் சுருக்கும் மென்பொருள்), கிரவுட்ஸ்ட்ரைக் (பாதுகாப்பு மென்பொருள் கம்பெனி) விவகாரங்கள் என்று படித்துப் பயந்துகொண்டு போவேன். இப்போது வீட்டுக்குள்ளேயே ஒன்று உட்கார்ந்திருக்கிறது. நான்தான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேனா? இரண்டு ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு நேரம். எதில் கை வைப்பது?

---

ராயபுரம் ரூட்

மாமா கேட்ட கேள்வி நியாயமானதுதான் தம்பி, ஆனால் திருடனுக்கு நைட்டி வேண்டாம், அந்த மெயிலும் பாஸ்வேர்டும் ஜோடியாக இருக்கிற பட்டியல்தான் வேண்டும், ஏனென்றால் உங்கள் கடையில் போட்ட அதே பாஸ்வேர்டைத்தான் பாதிப் பேர் ஜிமெயிலுக்கும் போட்டிருப்பார்கள், அந்த ஜோடிகளை ஒரு ஸ்கிரிப்டில் கொடுத்து நூறு தளங்களில் வரிசையாகத் தட்டிப் பார்ப்பது இன்றைக்குச் சாதாரண வேலை.

பாஸ்வேர்டை மெயிலில் திருப்பி அனுப்ப முடிகிறது என்றாலே அது திரும்ப எடுக்கிற மாதிரி வைக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அப்படி வைக்காமல் ஹாஷாக மாற்றித்தான் வைக்க வேண்டும். ஹாஷ் என்பது கிரைண்டரில் அரைத்த மாவு மாதிரி, மறுபடி அரிசியாக்க முடியாது. லாகின் செய்யும்போது கொடுத்த அரிசியை இன்னொரு தடவை அரைத்து, இரண்டு மாவும் ஒன்றுதானா என்று பார்க்கிறோம், அவ்வளவுதான். இதில் உப்பும் உண்டு, அதற்கு இங்கிலீஷிலேயே சால்ட் என்றுதான் பெயர். ஒவ்வொருத்தர் மாவிலும் வேறு உப்பு போட்டால், ஒரே பாஸ்வேர்ட் வைத்த இரண்டு பேரை யாரும் கண்டுபிடிக்க முடியாது. 2012-ல் லிங்க்ட்இன்னிலிருந்து வெளியே போன பாஸ்வேர்டுகள் உப்பில்லாத எஸ்எச்ஏ-1 வகை ஹாஷ். அதனால்தான் மளமளவென்று உடைந்தன. அவ்வளவு பெரிய கம்பெனியே அப்படி இருந்தது, உன் மாமாவைத் திட்டாதே.

வேலை சின்னதுதான். 2013-ல் வந்த பிஎச்பி 5.5-லிருந்தே பாஸ்வேர்ட்_ஹாஷ், பாஸ்வேர்ட்_வெரிஃபை என்று இரண்டு ஃபங்ஷன் உள்ளேயே இருக்கின்றன, உப்பையும் அதுவே போட்டுக்கொள்ளும். இருக்கிற எல்லா வரிசையையும் ஒரே தடவை ஓட்டி மாற்றிவிடு. முதலில் டேபிளில் பாஸ்வேர்ட் நெடுவரிசையின் (column) நீளத்தைப் பார், அந்த ஃபங்ஷன் போடுகிற பிகிரிப்ட் வகை ஹாஷ் 60 எழுத்து வரும், அங்கே 30 என்று வைத்திருந்தால் பாதியில் வெட்டுப்பட்டு ஒருத்தராலும் உள்ளே வர முடியாது, 255 ஆக்கிவிட்டுத் தொடங்கு. இன்னொன்று, பிகிரிப்ட் 72 பைட்டுக்கு மேல் பார்க்காது. எழுத்துகளைக் கம்ப்யூட்டரில் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 24 குறியோடு முடிந்தது. 'கொ' என்று ஓர் எழுத்து அடித்தாலே அது இரண்டு குறி. திருக்குறளைப் பாஸ்வேர்டாக வைக்கிறவர்கள் கவனிக்கவும் (நான் வைத்திருந்தேன்).

மறந்தவர்களுக்கு ஒரே தடவை வேலை செய்கிற, அரைமணி நேரத்தில் காலாவதியாகிற லிங்க் போதும். அப்புறம் ஹோஸ்டிங்கில் பழைய எஸ்க்யூஎல் டம்ப் (டேட்டாபேஸின் நகல்) ஏதாவது கிடக்கிறதா பார். மாவரைத்துவிட்டு அரிசி மூட்டையை வாசலில் வைத்துவிட்டுப் போகிற கதை ஆகிவிடக் கூடாது.

---

பெரம்பூர் லோகோ

ரூட் சொன்னது சரி, ஆனால் பாஸ்வேர்டை அப்படியே வைத்தவன் கொயரியை, அதாவது டேட்டாபேஸுக்குக் கொடுக்கிற கட்டளையை, மட்டும் ஒழுங்காக எழுதியிருப்பானா?

எங்கள் பக்கம் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள், ரயில்வே வேலை காரணமாக வந்தவர்கள். ஒரு பதினைந்து வருடத்துக்கு முன்னால் ஒரு கேபிள்காரருக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தேன். எல்லாம் நன்றாக ஓடியது. ஆனால் டி'குரூஸ், டி'சோசா என்று பெயர் வந்தால் மட்டும் சேவ் ஆகாமல் செத்துவிடும். அவர் பாவம், அந்த வீடுகளுக்கு மட்டும் ரசீதைக் கையால் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நானும் பெரிய கெட்டிக்காரன் மாதிரி அந்த மேற்கோள் குறியைப் பெயரிலிருந்து நீக்கிவிட்டு வேலை முடிந்தது என்று வந்துவிட்டேன். அந்தக் குறி என் கொயரியை உடைக்கிறது என்றால், அதே இடத்தில் வேறொருவன் தன் கொயரியை எழுதலாம் என்பது புரிய எனக்கு இரண்டு வருடம் ஆனது. எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் பற்றி 1998-லேயே எழுதிவிட்டார்கள். நான் படிக்கவில்லை.

உன் மாமா தளத்தின் தேடல் பெட்டியில் ஒற்றை மேற்கோள் குறி ஒன்றை மட்டும் போட்டுப் பார். டேட்டாபேஸ் எர்ரர் திரையில் வந்தால், ஹாஷ் வேலையைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் எல்லா கொயரியையும் பிரிப்பேர்ட் ஸ்டேட்மென்டாக (கட்டளை தனி, ஆள் அடிக்கிற வார்த்தை தனி என்று பிரித்து அனுப்புவது) மாற்று. சொந்தக்காரர் தளத்தில் மட்டும், மாமாவிடம் சொல்லிவிட்டுச் செய். பக்கத்துக் கடைத் தளத்தில் ஆர்வக்கோளாறில் போட்டுப் பார்க்காதே, அது வேறு வழக்கு.

இப்போது ஏஐ-யிடம் கேட்டு எழுதி வாங்குகிறார்கள். நானும் வாங்குகிறேன், பொய் சொல்ல மாட்டேன். அது கொடுக்கிற கொயரியிலும் ஆள் அடித்த வார்த்தையை ப்ளஸ் போட்டு அப்படியே ஒட்டியிருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவேன்.

---

காசிமேடு கெர்னல்

இரண்டு பெரியவர்களும் வீட்டைப் பழுதுபார்க்கிறார்கள். நான் கேட்கிறேன், அந்த வீடு எதற்கு?

நைட்டி வாங்க ஏன் அக்கவுன்ட்? எத்தனை பேர் உண்மையில் லாகின் செய்கிறார்கள்? எண்ணிப் பார்த்துவிட்டு வந்து சொல். பாஸ்வேர்ட் நெடுவரிசையையே தூக்கிப் போடு, இல்லாததை எவனும் திருட முடியாது. முகவரியும் டெலிவரி முடிந்த பிறகு எதற்கு?

நீ பயந்து படித்த செய்திகளையும் சொல்கிறேன். எக்ஸ்இசட் கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. 2024 மார்ச்சில் ஆன்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்கிற போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்காரர், எஸ்எஸ்எச் (தூரத்துக் கம்ப்யூட்டருக்குள் நுழையும் வழி) லாகின் அரை விநாடி தாமதமாகிறதே என்று தோண்டப்போய் எக்ஸ்இசட்டுக்குள் பேக்டோரை (திருட்டு வாசலை) கண்டுபிடித்தார். இரண்டு வருடத்துக்கும் மேலாக நல்ல பிள்ளையாக பேட்ச் (திருத்தம்) அனுப்பி நம்பிக்கையைச் சம்பாதித்த ஒருவன் வைத்தது. அரை விநாடிக்கெல்லாம் நம்மில் யார் தோண்டுவோம், டீ குடித்துவிட்டு வந்துவிடுவோம். ஆனால் அது இருந்த எக்ஸ்இசட் 5.6.0, 5.6.1 பெரும்பாலும் டெபியன், ஃபெடோரா என்கிற லினக்ஸ் வகைகளின் சோதனைப் பதிப்புகளோடு நின்றுவிட்டது. மாமாவின் பழைய ஹோஸ்டிங் வரை வரவே இல்லை. அதே 2024 ஜூலை 19 கிரவுட்ஸ்ட்ரைக், அது தாக்குதலே இல்லை, கோளாறான ஓர் அப்டேட் ஃபைல். 85 லட்சம் விண்டோஸ் மெஷின் நீலத்திரையாகி, நம் ஏர்போர்ட்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதினார்கள். லோகோ அண்ணனின் கேபிள்காரர் மாதிரிதான்.

மாமா கடை மாதிரி ஒன்று உடைந்தால் எந்தச் செய்தியிலும் வராது. ஆனால் 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், பாதுகாப்பாக வைக்கத் தவறினால் உச்சபட்ச அபராதம் 250 கோடி ரூபாய். மாமாவுக்கு அவ்வளவு போட மாட்டார்கள், ஆனால் அந்த எண்ணை ஒரு தடவை அவர் காதில் போடு, சிரிப்பு நிற்கும்.

---

வியாசர்பாடி செர்வர்

கை வைப்பதற்கு முன்னால் பேக்கப் எடு. எடுத்து வேறு இடத்தில் வை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். நான் வேலை பார்த்துக் கொடுக்கிற ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கம்ப்யூட்டர் மேஜைக்கு அடியில், பேக்கப் ஹார்ட் டிஸ்க் அதே மேஜையின் கீழ் டிராயரில். இரண்டும் ஒன்றாக முழுகின. பேக்கப் இருக்கிறது, இருக்கிறது என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தது நான்தான்.

எடுத்த பேக்கப்பை ஒரு தடவை ரீஸ்டோர் செய்தும் பார்த்துவிடு. ஆனால் தம்பி, உன் பேக்கப்பிலும் பழைய பாஸ்வேர்டுகள் அப்படியே இருக்கும். வேலை முடிந்ததும் அழிக்க மறக்காதே.

---

தண்டையார்பேட்டை தம்பி

எல்லோருக்கும் நன்றி. நேற்று ஞாயிற்றுக்கிழமை மதியத்திலிருந்து ராத்திரி வரை உட்கார்ந்தேன்.

லோகோ அண்ணே, மேற்கோள் குறி போட்டேன். டேபிள் பெயரோடு எர்ரர் வந்தது. தேடல் பெட்டியை அப்போதே எடுத்துவிட்டேன், கொயரிகள் மொத்தம் 23, பதினாறு முடிந்தது.

கெர்னல், நீங்கள் கேட்டதை எண்ணினேன். போன ஒரு வருடத்தில் லாகின் செய்தவர்கள் 11 பேர். அதில் இரண்டு மாமா, ஒன்று நான். மற்றவர்கள் எல்லாம் வாட்ஸ்அப்பில் படத்தை அனுப்பி "இது எல் சைஸ் இருக்கா" என்றுதான் கேட்கிறார்கள். அதனால் வாடிக்கையாளர் அக்கவுன்டே வேண்டாம் என்று முடிவு. அட்மின் ஒன்றுக்கு மட்டும் ரூட் சொன்ன ஹாஷ்.

சிக்கல் இதுதான்: அந்த 1,400 பேருக்கும் விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்கிறேன். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "நாமளே போய் நம்ம மானத்த வாங்கிக்கணுமா?" என்கிறார். உள்ளே யாராவது வந்தார்களா என்று பார்க்க செர்வர் லாக் (வருகைப் பதிவு) முப்பது நாளுக்குத்தான் இருக்கிறது. அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று சொல்ல வழியில்லை.

---

காசிமேடு கெர்னல்

அதனால்தான் சொல்ல வேண்டும். நான்கு வரி போதும்: எங்கள் தளத்தில் நீங்கள் வைத்திருந்த பாஸ்வேர்டை நாங்கள் பாதுகாப்பாக வைக்கவில்லை. அதே பாஸ்வேர்ட் வேறு எங்காவது இருந்தால் உடனே மாற்றிவிடுங்கள். இனி எங்கள் தளத்தில் பாஸ்வேர்டே கிடையாது. சந்தேகம் இருந்தால் கடைக்கு வாருங்கள். லிங்க் எதுவும் போடாதே, போட்டால் அதையே மோசடி மெயில் என்று நினைப்பார்கள்.

---

தண்டையார்பேட்டை தம்பி

கடைசி வரியைப் படித்ததும் மாமா சம்மதித்துவிட்டார். கீழே 'நைட்டி 3 எடுத்தால் 1 இலவசம்' என்று சேர்க்கச் சொல்கிறார். பேசிக்கொண்டிருக்கிறேன்.