எடை குறைக்க ஆபரேஷன்: டாக்டர் செய்யலாம் என்கிறார், அம்மா வேண்டாம் என்கிறார்

கயல்_பொள்ளாச்சி

வயது 34. உயரம் 158 செ.மீ., எடை 112 கிலோ. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ கிட்டத்தட்ட 45. சுகர் வந்து ஆறு வருடம் ஆகிறது, இப்போது காலையும் இரவும் இன்சுலின். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதால் மூக்கு வழியாகக் காற்றைத் தள்ளும் சிபேப் மெஷின் மாட்டிக்கொண்டுதான் படுக்கிறேன். பேலியோ, நடை, ஜிம் எல்லாம் பார்த்தாயிற்று. மூன்று முறை பத்து கிலோவுக்கு மேல் இறக்கினேன். மூன்று முறையும் போனது திரும்பி வந்தது, கூடவே ஒன்றிரண்டு கிலோவையும் கூட்டிக்கொண்டு.

கோவையில் பார்த்த டாக்டர், உங்களுக்கு பைபாஸ், அதாவது இரைப்பையைச் சிறிதாக்கிச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைக்கும் ஆபரேஷன், பொருந்தும் என்கிறார். அம்மாவோ "நல்லா இருக்கிற வயித்தை எதுக்கு அறுக்கணும்" என்று இரண்டு நாளாகச் சாப்பிடாமல் இருக்கிறார். செய்துகொண்டவர்களும், வீட்டில் கூட இருந்து பார்த்தவர்களும் சொல்லுங்கள். வேண்டாம் என்பவர்கள் காரணத்தோடு சொன்னால் இன்னும் நல்லது.

மருதன்_திண்டுக்கல்

தங்கச்சி, நான் உங்கள் அம்மா பக்கம். காரணம் கேட்டீர்கள், சொல்கிறேன்.

என் கூடப்பிறந்த தங்கை 2021-ல் ஸ்லீவ் என்ற இரைப்பையைக் குறைக்கும் ஆபரேஷன் செய்துகொண்டாள். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது வாரம் வாந்தி ஆரம்பித்தது. கஞ்சித் தண்ணீர்கூட உள்ளே நிற்கவில்லை. போன் செய்தால் "ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும், மடக்கு மடக்காகக் குடிக்கச் சொல்லுங்கள்" என்று ஒரே பதில். இப்படியே ஐந்து வாரம். ஒரு நாள் காலை பாத்ரூம் போக எழுந்தவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். "அண்ணா, கால் எங்க இருக்குன்னே தெரியல" என்றாள். என் முகம் இரண்டாகத் தெரிகிறது என்றாள். மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே நரம்பு டாக்டர் பார்த்தவுடன் சொன்னார், வைட்டமின் பி1 வற்றிப்போய்விட்டது என்று. அந்தச் சத்து உடம்பில் இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் கையிருப்பு இருக்குமாம். ஊசி போட்டதும் பார்வை சரியானது. நடை திரும்ப எட்டு மாதம் ஆனது. இடது பாதம் இன்றைக்கும் மரத்துத்தான் கிடக்கிறது. செருப்பு கழன்று விழுந்தால் அவளுக்குத் தெரியாது.

ஸ்லீவில் இரைப்பையை முக்கால் பங்குக்கு மேல் வெட்டி வெளியே எடுக்கிறார்கள். நாளைக்கு வேண்டாம் என்று தோன்றினால் அதைத் திரும்ப வைக்க முடியாது. சுகரும் எடையும் உயிரை வாங்கும் நோய்கள்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அவற்றுக்கு மருந்து இருக்கிறது.

ரேவதி_நங்கநல்லூர்

மருதன் அண்ணா, உங்கள் தங்கைக்கு நடந்ததைப் படித்து மனசு கனத்துவிட்டது. ஆனால் "மருந்து இருக்கிறது" என்ற இடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. 11 வருடம் அந்த மருந்தைத்தான் சாப்பிட்டேன்.

2019-ல் பைபாஸ் செய்துகொண்டேன். அப்போது 118 கிலோ, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 9.8, ஒரு நாளைக்கு 60 யூனிட் இன்சுலின். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வரும்போதே இன்சுலின் இல்லை. எடை குறைவதற்கு முன்பே சர்க்கரை இறங்குகிறது. உணவு சிறுகுடலின் முதல் பகுதியைத் தொடாமல் நேராகக் கீழே போவதால் குடல் ஹார்மோன்கள் மாறுகின்றன என்று விளக்கினார்கள். ஒன்றரை வருடத்தில் 72 கிலோவுக்கு வந்தேன். இப்போது 80. எட்டு கிலோ ஏறியிருக்கிறது, மறைக்கவில்லை. சுகருக்கு ஒரே ஒரு மாத்திரை.

கயல், இனி வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரம் நீராகாரம்தான். அப்புறம் மசித்தது. ஒரு மாதம் கழித்து முதல் இட்லி. அரை இட்லியை டீஸ்பூனால் கிள்ளிக் கிள்ளித் தின்ன இருபது நிமிடம் ஆனது. ஒரு வாய் அவசரமாக விழுங்கினாலும் நெஞ்சுக்குழியில் கல் மாதிரி நிற்கும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது, அரை மணி நேர இடைவெளி வேண்டும். நமக்கு ரசத்தையும் மோரையும் சாதத்தோடு சேர்த்தே பழக்கம், அதை விடுவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. நாலாவது மாதம் சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. ஆறேழு மாதத்தில் நின்று மறுபடி முளைத்தது. கைச்சதையும் வயிற்றுத் தோலும் தொங்குகின்றன. வெயில் காலத்தில் மடிப்புக்குள் புண்ணாகிறது.

தங்கை கல்யாணத்தில் பெரியம்மா ஆசையாக ஊட்டினார் என்று இரண்டு கரண்டி பால் பாயசம் சாப்பிட்டேன். கால் மணி நேரத்தில் வேர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடத்து, மணமகள் அறையில் பாயில் படுத்துக்கிடந்தேன். வாழ்த்தச் சொல்லிக் கூப்பிட்டபோது எழுந்திருக்க முடியவில்லை. இத்தனைக்கும் பிறகு சொல்கிறேன்: மறுபடி முடிவெடுக்கச் சொன்னால் இதையேதான் எடுப்பேன், ஐந்து வருடம் முன்னாடியே எடுப்பேன். என் அப்பா 52 வயதில் டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவள் நான்.

மருதன்_திண்டுக்கல்

ரேவதி, உங்களுக்கு நல்லபடியாக அமைந்ததில் சந்தோஷம். ஆனால் சுகர் போய்விட்டது என்று சொல்லித்தான் எல்லோரையும் அழைக்கிறார்கள். சுவீடனில் 1987-ல் தொடங்கி ஆபரேஷன் செய்தவர்களை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். முன்பு சுகர் இருந்தவர்களில் இரண்டாவது வருடம் 72 சதவீதம் பேருக்கு அது இல்லை. பத்தாவது வருடம் அந்த எண் 36 சதவீதம். பாதியாகிவிட்டது. இந்த இரண்டாவது எண்ணை எந்த விளம்பரத்திலாவது பார்த்தீர்களா? என் தங்கையிடம் யாரும் சொல்லவில்லை.

செவிலி_சாந்தி

எடை குறைப்பு ஆபரேஷன் செய்யும் பேரியாட்ரிக் வார்டில் 11 வருடம் வேலை பார்க்கிறேன். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்று உங்களுக்கே தெரியும்.

மருதன் சொன்ன சுவீடன் எண்கள் சரி. அதில் பெரும்பாலானவை வயிற்றை மடித்துத் தைப்பது, பட்டை போடுவது போன்ற பழைய ஆபரேஷன்கள், இன்றைக்கு அநேகமாக யாரும் செய்வதில்லை. ஆனால் புதிய முறைகளிலும் சுகர் திரும்பி வருகிறது என்பது உண்மை. அமெரிக்காவில் 150 பேரை வைத்து ஒப்பிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஐந்து வருடம் கழித்து ஹெச்பிஏ1சி 6 அல்லது அதற்குக் கீழே இருந்தவர்கள் பைபாஸில் 29 சதவீதம், ஸ்லீவில் 23, மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5. ஆபரேஷன் தரப்பும் கொண்டாடும்படி இல்லை, மருந்துத் தரப்பும் பெருமைப்படும்படி இல்லை.

உங்கள் தங்கைக்கு வந்தது தடுத்திருக்கக்கூடியது. அதனால்தான் எனக்குக் கோபம் வருகிறது. ஆபரேஷன் செய்தவர் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வாந்தி எடுத்தாலே உடனே உள்ளே சேர்த்து தயமின், அதாவது அந்த வைட்டமின் பி1 ஊசி போட வேண்டும். தயமின் போடாமல் வெறும் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினால் நிலைமை மோசமாகும். எந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் "நான் பேரியாட்ரிக் செய்தவள், முதலில் தயமின்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அதேபோல முதல் இரண்டு வாரத்தில் காய்ச்சல், நாடி 120-க்கு மேல், இடது தோள்பட்டை வலி என்றால் தையல் கசிகிறதோ என்று பார்க்க வேண்டும். காலை வரை காத்திருக்கக் கூடாது. பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆயுளுக்கும். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுகிற பழக்கம் இருந்தால் பைபாஸுக்குப் பிறகு அது கூடவே கூடாது, இணைத்த இடத்தில் புண் வந்துவிடும்.

கயல், நெஞ்செரிச்சல் இருந்தால் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள். ஸ்லீவில் அது கூடும். உங்களுக்கு பைபாஸ் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். குழந்தைத் திட்டம் இருந்தால் ஒன்று, ஒன்றரை வருடம் தள்ளிப்போட வேண்டியிருக்கும்.

வினோத்_ஓசூர்

இந்த இழையிலேயே கேட்கிறேன். எனக்கு 27 வயது, 174 செ.மீ., 96 கிலோ. சுகர், பிபி எதுவும் இல்லை. தை மாதம் கல்யாணம். பெண் வீட்டில் யாரோ "மாப்பிள்ளை ரொம்பக் கனமாக இருக்கிறாரே" என்றார்களாம். இன்ஸ்டாகிராமில் ஸ்லீவ் பேக்கேஜ் பார்த்தேன், தவணையில் கட்டலாம். போன் செய்தால் எனக்குச் செய்யலாம் என்கிறார்கள். நாலு மாதத்தில் இறங்கிவிடுமா?

மருதன்_திண்டுக்கல்

தம்பி, வேண்டாம். 2024-ல் சென்னையில் ஒரு இளைஞர் எடை குறைக்க ஆபரேஷனுக்குப் போய் உயிரோடு திரும்பவில்லை. அரசு விசாரணை வரைக்கும் போனது. கல்யாண போட்டோவுக்காக இந்த மேஜையில் படுக்காதே.

செவிலி_சாந்தி

நல்ல மையங்களில் உயிரிழப்பு ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில்தான் இருக்கிறது, பித்தப்பை ஆபரேஷனோடு ஒப்பிடும் அளவு. ஆனாலும் வினோத், உங்கள் விஷயத்தில் நான் மருதன் பக்கம். 2022-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் ஆசியர்களுக்கு பிஎம்ஐ 27.5-லேயே ஆபரேஷனைப் பரிசீலிக்கலாம் என்கிறது. உங்களுக்கு 31.7. அதைக் காட்டித்தான் உங்களிடம் செய்யலாம் என்கிறார்கள். தகுதி இருப்பது வேறு, தேவை இருப்பது வேறு. நாலு மாதத்தில் எடை இறங்கும், உண்மைதான். சரியாக அதே நாலாவது மாதம்தான் முடி கொட்டும், முகம் ஒட்டிப்போகும். விருந்துக்கு விருந்து கூப்பிடுவார்கள், இலையில் மூன்று வாய்க்கு மேல் போகாது.

ரேவதி_நங்கநல்லூர்

நானும் அதேதான் சொல்வேன், வினோத். நான் செய்துகொண்டது நோய்க்கு. அந்த வார்த்தை சொன்னது யார் என்று உங்களுக்கே தெரியாது. கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணிடம் ஒரு முறை நேரில் பேசிப் பாருங்கள்.

இக்பால்_தாம்பரம்

எடை குறைக்கும் ஊசியைப் பற்றி யாருமே பேசவில்லையே? 2025 மார்ச்சில் மவுஞ்சாரோ என்ற ஊசி இந்தியாவுக்கு வந்தது. வாரம் ஒரு ஊசி. ஒன்பது மாதத்தில் 121-லிருந்து 104 ஆனேன். கத்தி இல்லை, மயக்க மருந்து இல்லை. முதல் இரண்டு மாதம் குமட்டலும் மலச்சிக்கலும் இருந்தன, அவ்வளவுதான். கயல், வெட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் நிறுத்திவிடலாம். ஆபரேஷனை நிறுத்த முடியுமா?

ரேவதி_நங்கநல்லூர்

இக்பால் பாய், நிறுத்தினால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. இதே மாதிரி இன்னொரு ஊசியான செமக்ளூடைடை நிறுத்தியவர்களுக்கு ஒரு வருடத்தில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்ததாக ஆய்விலேயே இருக்கிறது. மவுஞ்சாரோ 5 மில்லிகிராம் ஒரு ஊசி வந்தபோது 4,375 ரூபாய், மாதத்துக்கு நாலு. டோஸ் ஏறினால் இன்னும் அதிகம். இதை ஆயுளுக்கும் வாங்கக்கூடியவர்கள் எத்தனை பேர்?

இக்பால்_தாம்பரம்

நீங்களும்தான் ஆயுளுக்கும் வைட்டமின் வாங்குகிறீர்கள். காப்புரிமை முடியும்போது செமக்ளூடைடு மாதிரி மருந்துகளின் விலை இறங்கும். ஆறு மாதம் முயற்சி செய்து பார்ப்பதில் என்ன நஷ்டம் என்றுதான் கேட்கிறேன்.

செவிலி_சாந்தி

பிஎம்ஐ 32, 35 என்றால் பாய் சொல்வதை நானும் சொல்வேன். 45-ல் கணக்கு வேறு. 112 கிலோவில் ஐந்தில் ஒரு பங்கு போனாலும் 90-ல் நிற்பார், அந்த மூச்சு மெஷின் கழலுமா என்பது சந்தேகம். சில டாக்டர்கள் முதலில் ஊசியால் கொஞ்சம் இறக்கிவிட்டு அப்புறம் ஆபரேஷன் செய்கிறார்கள். செய்தபிறகு எடை ஏறினாலும் ஊசி உதவுகிறது. ஒன்றைத் தேர்ந்தால் மற்றதைத் தொடக்கூடாது என்பதில்லை.

காசு விஷயமும் சொல்லிவிடுகிறேன், நிறைய பேருக்குத் தெரியாது. பிஎம்ஐ 40-க்கு மேல் இருந்து, டாக்டர் எழுதிக்கொடுத்து, மற்ற வழிகள் பலிக்கவில்லை என்றால், உடற்பருமன் ஆபரேஷன் என்ற காரணத்தைக் காட்டி மட்டும் மருத்துவக் காப்பீட்டில் தள்ளக் கூடாது. 35-க்கு மேல் என்றால் கட்டுப்படாத சுகர், கடுமையான தூக்க மூச்சுத்திணறல் மாதிரி கூடவே ஏதாவது இருக்க வேண்டும். காப்பீட்டு ஆணையத்தின் விதி இது. காத்திருப்புக் காலம் பாலிசிக்குப் பாலிசி மாறும், அதை மட்டும் முதலில் பாருங்கள்.

மருதன்_திண்டுக்கல்

சாந்தி அம்மா, நீங்கள் சொல்லும் தயமின், நாடி, தோள்பட்டை வலி எதையும் என் தங்கை டிஸ்சார்ஜ் ஆன அன்று யாரும் சொல்லவில்லை. கொடுத்த தாளில் புரோட்டீன் பவுடர் பெயர் மட்டும் பெரிய எழுத்தில் இருந்தது. நல்ல இடத்தில் செய்தால் நல்லது என்று எல்லோரும் எளிதாகச் சொல்கிறீர்கள். அது நல்ல இடம் என்று உள்ளே போவதற்கு முன் ஒரு சாதாரண மனிதனுக்கு எப்படித் தெரியும்? நான் வேண்டாம் என்பது இதனால்தான்.

செவிலி_சாந்தி

நியாயமான கேள்வி அண்ணா. எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: அங்கே செய்து மூன்று வருடம் ஆனவர்கள் இரண்டு பேரிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். ஆறு மாதம் ஆனவர்கள் எல்லோரும் சந்தோஷமாகத்தான் இருப்பார்கள். தொடர் சிகிச்சை நடத்துகிற இடத்தில் மூன்று வருடத்து ஆட்கள் ரத்தப் பரிசோதனைக்கு வந்துகொண்டே இருப்பார்கள். நடத்தாத இடத்தில் ஒருவரைக்கூடக் காட்ட மாட்டார்கள்.

கயல்_பொள்ளாச்சி

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன்.

அம்மாவை வற்புறுத்தி டாக்டரிடம் கூட்டிப்போனேன். மூன்று வருடம் ஆனவர்களைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். அன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்கு வந்திருந்த ஒரு அக்காவைக் காட்டினார்கள். அவர் கைப்பையைத் திறந்து மாத்திரை டப்பாவைக் காட்டினார். கால்சியத்தையும் இரும்பையும் ஒன்றாகப் போடக் கூடாது என்று அலாரம் வைத்திருக்கிறார்.

அம்மா டாக்டரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. டயட்டீஷியன் எதிரில் உட்கார்ந்ததும் மட்டும் "சமைக்கிறது நான்தான், என்கிட்ட சொல்லுங்க" என்றார். டெய்லி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பாசிப்பருப்புத் தண்ணீர், மோர், முட்டை வெள்ளை என்று எழுதிக்கொண்டார். சம்மதம் என்று இன்னும் வாயால் சொல்லவில்லை.

எண்டோஸ்கோப்பியில் இரைப்பையில் ஹெச் பைலோரி என்ற புண் உண்டாக்கும் கிருமி இருக்கிறது என்று வந்தது. இரண்டு வாரம் மருந்து. இரும்புச் சத்தும் குறைவாம், அதை ஏற்றிய பிறகுதான் தேதி. ஊசியைப் பற்றியும் கேட்டேன், பாய். தேதி வரை போட்டுக்கொள்ளலாமா என்று அடுத்த முறை சொல்கிறேன் என்றார் டாக்டர்.

மருதன்_திண்டுக்கல்

தங்கச்சி, என் எண்ணம் மாறவில்லை. ஆனால் போவது என்று முடிவானால் ஒன்று செய்யுங்கள். டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன் ராத்திரியில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று நம்பர் கேட்டு வாங்குங்கள். அன்றைக்கு ராத்திரியே, ஒன்றும் இல்லாவிட்டாலும், அம்மாவை விட்டு ஒரு தடவை கூப்பிடச் சொல்லுங்கள். யார் எடுக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். தயமின் என்ற பெயரையும் அந்தக் காலண்டர் தாளில் அம்மாவை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.