மதகுக்குக் கீழே தகைவிலான் கூடு: பார்த்தவர்கள் எழுதுங்கள்

படுவான்கரையான்:
எங்கள் வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, போகும் வழியில் ஒரு மதகு. அதன் அடியில் இந்த முறையும் தகைவிலான் குருவிச் சோடி கூடு கட்டுகிறது. முதுகு கருநீலம்; தொண்டையிலிருந்து வயிறு வரை கோடே இல்லாத கடும் செங்காவி. தகைவிலான்களில் இது இலங்கையில் மட்டுமே இருக்கிற இனம். சிறுபோக வேளாண்மைக்குத் தண்ணீர் திறந்தால் போதும், வாய்க்கால் ஓரச் சேற்றில் வந்து இறங்கிவிடும். ஆணும் பெண்ணும் மாறிமாறிச் சொண்டில் சேறு கொண்டுவந்து உருண்டை உருண்டையாக ஒட்டும். முன்னர் ஒட்டியது காய்ந்து வெளிறியிருக்கும், புதிது ஈரத்தோடு கறுத்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் தெரிகிற கோட்டைப் பார்த்தே அன்றைய வேலையைச் சொல்லிவிடலாம். முடிந்ததும் கொங்கிறீட்டில் படுக்கவைத்து ஒட்டிய கூஜாதான்: உருண்டை அறை, நீண்ட குழாய் வாசல், உள்ளே இறகு மெத்தை.

அக்கரைப்பற்றுத் தங்கச்சி:
எங்களுக்கு வீட்டு விறாந்தையிலேயே கட்டியது, அண்ணன். எச்சம் விழுகிறது என்று உம்மாவுக்கு ஒரே ஏச்சு. அப்புறம் கீழே காட்போட் மட்டை போட்டுச் சமாளித்தோம். டோர்ச் அடித்தாலும் அந்தக் குழாயால் உள்ளே ஒன்றும் தெரியாது, குஞ்சுகள் கத்துவது மட்டும் கேட்கும். சரி, மாரி காலத்தில் கரண்ட் கம்பி நிறையத் தகைவிலான் குந்துகிறதே, அதுவும் இங்கேதான் பொரிக்கிறதா?

கல்லடி வாசி:
இல்லை தங்கச்சி, அது வேறு ஆள். வயிறு வெளிறி, தொண்டை மட்டும் செம்மையாக இருக்கும். வடக்கே, ஆசியாவின் குளிர்நாடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு ஓகஸ்ட், செப்ரெம்பரில் வரத் தொடங்கும். ஏப்ரல் அளவில் திரும்பிவிடும். இங்கே கூடு கட்டாது. அங்கே கட்டுவதும் குழாய் இல்லாத, மேலே திறந்த கிண்ணக் கூடு. நம்முடையது கூட்டம் சேராது, சோடியாகத்தான் வயலுக்கு மேலே தாழப் பறந்து பூச்சி பிடிக்கும்.
இன்னொன்று, பழைய கூட்டின் வாயில் இறகும் வைக்கோலும் எச்சிலால் ஒட்டியிருந்தால் நாட்டு உழவாரன் என்கிற வேறொரு குருவி குடிவந்துவிட்டது என்று வையுங்கள். ஆள் விட்டுப்போன கூட்டைப் பிடிப்பதில் அது கெட்டிக்காரன்.

படுவான்கரையான்:
எங்கள் கூட்டில் இன்னும் சொந்தக்காரர்தான். மதகு துப்பரவாக்க ஆட்கள் வந்தபோது வயல் தண்ணீர் விடயங்களைப் பார்க்கும் வட்டவிதானையிடம் கேட்டோம். அவர் சிரித்துவிட்டு, குஞ்சு பறக்கும் மட்டும் அந்தப் பக்கத்தை விடச் சொன்னார். அடைத்திருந்த சல்வீனியா என்ற நீர்க்களையை மேலே நின்றே கம்பால் இழுத்தார்கள்.