சர்க்கரை உள்ள அம்மாவோட ஜப்பான் பயணம்: வீட்டுக்குள்ள செருப்பு போட விடுவாங்களா?

திருச்சி செல்வி:
டிசம்பர்ல அம்மாவைக் கூட்டிட்டு யோக்கோஹாமா போறேன். தம்பி அங்கதான் இருக்கான். நடுவுல ஹகோனேல ஒரு ராத்திரி, ரியோகான்னு சொல்ற பழைய பாணி விடுதியில தங்கல். அம்மாவுக்கு 68 வயசு. சர்க்கரையால ரெண்டு பாதமும் மரத்துப்போச்சு, முள் குத்தினாலும் தெரியாது. வீட்டுக்குள்ளயும் எம்.சி.ஆர். செருப்பு (மெத்துன்னு ரப்பர் அட்டை வச்சது) இல்லாம காலைக் கீழ வைக்கக் கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லியிருக்கார். தம்பியோ, "வாசல்லயே கழட்டணும்க்கா, உள்ள போட ஸ்லிப்பர் தருவாங்க"ங்கறான். அது போதுமா? பாய் போட்ட அறையில அதுவும் கூடாதாமே?

கோவை மணி:
புதுசா ஒரு ஜோடி எம்.சி.ஆர். வாங்கி, வெளியில போடாம அப்படியே கொண்டு போங்க. துபாய்ல என் மாமியாருக்கு அப்படித்தான் செய்றோம்.

ஷிசுவோகா மலர்:
செல்வி அக்கா, நான் இங்க ஜப்பான்ல ஒரு முதியோர் இல்லத்துல பராமரிப்பு வேலை பார்க்கிறேன். வயசானவங்க காலோடதான் என் நாள் போகுது. கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

முதல்ல, அந்த ஸ்லிப்பரை அம்மாவுக்குக் கொடுக்கவே வேண்டாம். அதுக்கு குதிகால்ல வார் கிடையாது. பெரும்பாலும் இடது வலதும் கிடையாது, எல்லாருக்கும் ஒரே அளவு. விரலை மடக்கிப் பிடிச்சாத்தான் காலோட வரும். மரத்த காலுக்கு அந்தப் பிடி இல்லை. பாதி வழியில கழண்டு விழுந்தது அவங்களுக்கே தெரியாம நடந்துட்டு இருப்பாங்க. மாடிப்படியில இறங்கறப்போ இன்னும் ஆபத்து.

மணி அண்ணன் சொன்னதுதான் சரி. பின்வார் வச்ச புது ஜோடியா வாங்குங்க. இந்த ஊர்க்காரங்க காலணியே வேண்டாம்னு சொல்றதில்லை, தெரு மண்ணு உள்ள வரக் கூடாதுன்னுதான் சொல்றாங்க. தரையிலதான் உட்கார்றது, சாப்பிடறது, படுக்கறது. பள்ளிக்கூடத்துலயே பிள்ளைங்க உள்ள போடறதுக்குத் தனி ஜோடி வச்சிருப்பாங்க. ஸ்லிப்பரே அப்படி வந்ததுதான்: 1870கள்ல, பூட்ஸைக் கழட்டத் தெரியாம வந்த வெள்ளைக்காரங்களுக்காக, பூட்ஸுக்கு மேலயே மாட்டிக்கிற மாதிரி டோக்கியோ தையல்காரர் ஒருத்தர் தச்சுக் கொடுத்தார்னு சொல்வாங்க.

பாய் அறை (தாத்தாமி) மட்டும் வேற கதை. அது கோரை மாதிரி ஒரு புல்லுல நெய்தது, செருப்போட அடிப்பாகம் உரசினா நார் பிரிஞ்சுடும். அதனால அங்க ஸ்லிப்பரும் கிடையாது. ரியோகான்ல இப்பவே பேசி, கட்டில் போட்ட அறை கேளுங்க, நிறைய இடத்துல இருக்கு. பாய் அறைதான்னா, அம்மா கால் விஷயத்தைச் சொல்லி, சுத்தமான உள்செருப்போட நடக்க அனுமதி கேளுங்க. சக்கர நாற்காலில வர்றவங்களுக்கு சக்கரத்தைத் துடைச்சு உள்ள விடற ஊர் இது.

கழிப்பறைக்கு உள்ள இன்னொரு ஜோடி ஸ்லிப்பர் கிடக்கும். வாசல்ல நின்னு மாத்தணும். ஒத்தைக் கால்ல நிக்கிற அந்த நொடியிலதான் பெரியவங்க விழறாங்க. தம்பி வீட்டுல அதை எடுத்துடச் சொல்லுங்க. வீட்டு வாசல்லயும் ஒரு படி உயரம் இருக்கும், அங்க ஒரு ஸ்டூல் போடச் சொல்லுங்க, உட்கார்ந்து மாத்தட்டும்.

இங்க நான் மனசார மதிக்கிற ஒரு நிறுவனத்தைப் பத்தியும் சொல்லணும். காகவா மாகாணம் சானுகி நகரத்துல இருக்கிற டோகுடகே. முன்னாடி ஸ்லிப்பர் மாதிரி வீட்டுக் காலணிதான் தச்சாங்க. தடுக்கி விழாத மாதிரி ஒண்ணு செஞ்சு தாங்கன்னு ஒரு முதியோர் இல்லத்துலேருந்து கேட்டாங்களாம். 1995ல 'அயுமி'ன்னு ஒரு காலணி கொண்டுவந்தாங்க. ஒத்தைக் காலுக்கு மட்டும் கூட விப்பாங்க, இடதுக்கு ஒரு அளவு வலதுக்கு ஒரு அளவுன்னும் தருவாங்க. பக்கவாதம் வந்து ஒரு கால் வீங்கிப்போன பாட்டிக்கு அது சரியா உட்கார்றதைப் பார்க்கணும் நீங்க! ஆனா அம்மாவுக்கு டாக்டர் சொன்ன எம்.சி.ஆர். அட்டைதான் முக்கியம், அதை மாத்தாதீங்க.

திருச்சி செல்வி:
மலர், ரொம்ப நன்றிம்மா. குளிருக்கு சாக்ஸ் போட்டு விடவா? ஹிமேஜி கோட்டையும் பார்க்கணும்னு தம்பி சொல்றான்.

ஷிசுவோகா மலர்:
தையல் உறுத்தாத பருத்தி சாக்ஸ் போடுங்க. வெள்ளையா இருந்தா ரத்தக்கறை உடனே தெரியும். அம்மா மெட்டி போட்டிருந்தா கழட்டிட்டே சாக்ஸை ஏத்துங்க. ஹிமேஜி பெரிய கோபுரத்துல காலணியைக் கழட்டிப் பையில தூக்கிட்டு, செங்குத்தான மரப்படி ஏறணும். அம்மா கீழ தோட்டத்தோட நிக்கட்டும்.

இன்னொண்ணு, கோதாட்சு. போர்வை போட்ட மேசைக்கு அடியில ஹீட்டர் இருக்கும், காலை உள்ள விட்டு உட்காருவாங்க. 44 டிகிரி சூடுகூட மணிக்கணக்கா ஒரே இடத்துல பட்டா தோல் வெந்துடும். அம்மாவை அதுல உட்கார வைக்காதீங்க. வென்னீர்த் தொட்டியிலயும் முதல்ல உங்க கையை விட்டுப் பாருங்க. ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி பாதத்தையும் விரல் இடுக்கையும் விளக்கு வெளிச்சத்துல பாருங்க.

செருப்பு வாங்கறப்போ சாயங்காலமா கடைக்குப் போங்க. கால் வீக்கம் அப்பதான் முழுசாத் தெரியும்.